சத்தம் பின்னால் வரும்

பழவேற்காட்டுக் கரையில் நிற்பவர்களுக்கு ராக்கெட் முதலில் வெறும் வெளிச்சம்தான். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இங்கிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஒலி விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். புறப்பாட்டின் உறுமல் ஏரியைத் தாண்டி நம்மை வந்தடைய ஒன்றரை நிமிடத்துக்கு மேலாகிவிடும். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டம் எரிந்து முடிய இரண்டு நிமிடம்கூட ஆகாது.

"சத்தம் கேக்கறப்போ அது போயே போயிருக்கும் வாத்தியாரே" என்றார் ஒரு மீனவர். ஒலியின் வேகத்தை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் அதைச் சொல்லியிருக்கிறேன். ராக்கெட் விடும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. அன்றைய வருமானம் போய்விடும். ஏவுதல் செய்திகளில் அதற்கும் ஒரு வரி இடம் வேண்டும்.

கண்ணுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே; அதை மட்டும் நம்ப முடியாது. 1979 ஆகஸ்ட் 10 காலை எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கிளம்பியது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. முதல் கட்டம் குறையில்லாமல் எரிந்ததால், பார்த்தவர்கள் நல்லபடியாகப் போகிறது என்றே நம்பியிருப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் அது தடுமாறி, 317 விநாடியில் வங்கக் கடலில் விழுந்தது. ராக்கெட் போய்விட்டது, ஆனால் விழும்வரை அது அனுப்பிய அளவுகள் தரையில் பதிவாகியிருந்தன. அவற்றை அலசியபோது காரணம் அகப்பட்டது. இரண்டாம் கட்டத்தைத் திருப்பும் அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல், நைட்ரிக் அமிலம் கசிந்து போயிருந்தது. 1980 ஜூலை 18 காலை 8.03க்குக் கிளம்பிய அடுத்த எஸ்.எல்.வி.-3, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அந்த வெற்றியைக் கொண்டாடும் நாம் முந்தின ஆண்டின் பதிவுகளை மறந்துவிடுகிறோம். எனக்கு அவைதான் பெரிது.

கண்ணுக்கு மறைந்த ராக்கெட்டைத் தரையிலிருந்து பின்தொடரும் முறை எளிமையானது. ரேடார் ஒரு துடிப்பை அனுப்பும். ராக்கெட்டிலுள்ள டிரான்ஸ்பாண்டர் பதில் அனுப்பும். போய்வந்த நேரத்திலிருந்து தூரமும், ஆன்டெனா பார்க்கும் கோணத்திலிருந்து திசையும் கிடைக்கும். ஆனால் பூமி உருண்டை. ராக்கெட் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஸ்ரீஹரிகோட்டாவால் அதைப் பிடிக்க முடியாது. அதனால்தான் கிழக்கே போகும் ராக்கெட்டுகளுக்குப் போர்ட் பிளேர், புருனே, இந்தோனேசியாவின் பியாக் என்று நிலையங்கள் அமைந்தன. தெற்கே போகிறவற்றுக்குத் திருவனந்தபுரமும் மொரீஷியஸும்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமல் கிழக்கே ஒதுங்கிப் பிறகு வளைய வேண்டும். அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது. சிறிய ராக்கெட்டுகளுக்கு அது பெரிய இழப்பு. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் அமைப்பதற்கு இந்த வளைவைத் தவிர்ப்பதே காரணம். 2024 பிப்ரவரியில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள்.

சத்தம் அடங்கியதும் கரையில் எல்லோரும் வண்டியைக் கிளப்புவார்கள். நான் மாணவர்களை உட்காரச் சொல்வேன். செல்போன் நேரலையில் இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று குரல் வந்துகொண்டேயிருக்கும். செயற்கைக்கோள் கழன்றுவிட்டது என்ற அறிவிப்பு வரப் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு நிமிடம் ஆகும். அதைக் கேட்ட பிறகே கைதட்டச் சொல்வேன்.