ரூட் பாஸ்வேர்டு யார் கையில்?

கேரளாவில் குடியிருக்கும் நம்மவர்களே, பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்தால் ஒருநாள் கேட்டுப் பாருங்கள், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் என்ன ஓடுகிறது என்று. விண்டோஸ் என்று சொல்ல மாட்டார்கள், லினக்ஸ் என்பார்கள். கொச்சியில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இது எப்படி நடந்தது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

கதை 2001-இல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம்தான் மாநில அரசு 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. அதே வருஷம் ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்தார். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை அங்கேதான் தொடங்கப்பட்டது. ஆனாலும் முதலில் வந்த ஐடி பாடப்புத்தகம் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களை ஒட்டியே இருந்தது. ஒரு கம்பெனியின் சரக்கைப் பழக்கவா அரசுப் பள்ளி என்று கேட்டு ஆசிரியர் சங்கத்தினரே எதிர்த்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் பாடம், பயிற்சி, தேர்வு எல்லாம் லினக்ஸுக்கு மாறின. முதலில் டெபியன், பின்னால் உபுண்டு அடிப்படையில் பள்ளிக்கென்றே ஒரு பதிப்பு தயாரானது. 2017-இல் இந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. 2018-இல் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கும் வேலை தொடங்கியபோதும் அதே வழிதான்.

லைசன்ஸ் காசு மிச்சம், அதுதானே காரணம் என்பீர்கள். மிச்சம்தான், சந்தேகமில்லை. ஆனால் மெஷின் படுத்துவிட்டால் எழுப்ப ஆள் இல்லாத இடத்தில் இலவச மென்பொருளும் தெண்டம்தான். என் தொழிலில் முதலில் படிக்கும் பாடமே இது.

கேரளாக்காரர்கள் கெட்டிக்காரத்தனம் காட்டியது இங்கேதான். ஆசிரியர்களிலிருந்தே ஆள் எடுத்து 'மாஸ்டர் டிரெய்னர்' ஆக்கினார்கள். உயர்நிலைப் பள்ளிகளில் ஓர் ஆசிரியரை ஐடி ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். நேற்றுவரை இயற்பியலும் மலையாளமும் எடுத்த வாத்தியார்கள் ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து லினக்ஸ் நிறுவப் பழகினார்கள். ஜியோஜீப்ரா, ஜிகாம்ப்ரிஸ் போன்றவை நிறுவும்போதே கூட வந்துவிடும், இணையம் தேவையில்லை. எத்தனை மெஷினில் போட்டாலும் ஏனென்று கேட்பார் இல்லை. 2018-இல் வந்த 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் வழியாக மாணவர்களும் இதில் இறங்கினார்கள்.

நம் ஊரிலும் முயற்சி நடக்காமல் இல்லை. எல்காட் நிறுவனம் 2006-07 வாக்கிலேயே சூசே லினக்ஸுக்குப் போனது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. என் அக்கா மகனுக்கு வந்த மடிக்கணினியில் விண்டோஸ், பாஸ் இரண்டும் இருந்தன. பாஸை என்ன செய்வதென்று அவனுக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளியில் ஒருவரும் இல்லை. சினிமா வைக்க இடம் வேண்டுமென்று கடைக்காரரிடம் கொடுத்து அழித்துவிட்டான். பையன் மேலும் குற்றமில்லை, மென்பொருள் மேலும் குற்றமில்லை. பெட்டி கொடுத்தார்கள், கற்றுத்தர ஆள் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்!

இன்னொன்றும் நமக்கு முக்கியம். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. கேடிஈ, ஜினோம் இரண்டையும் தன்னார்வலர்கள் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். மெனுவில் ஒரு சொல் சரியில்லை என்றால் நாமே திருத்தி அனுப்பலாம், யார் தயவும் வேண்டாம். ஆனால் அந்தத் தமிழ் முகப்பைத் திறந்துவைக்கத் தெரிந்தவர் பள்ளியில் இருக்க வேண்டும்.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போகிறவர்கள், கம்ப்யூட்டர் எத்தனை, எந்தக் கம்பெனி என்பதோடு நிற்காதீர்கள். கெட்டுப்போனால் யார் சரிசெய்வார், அவருக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் அந்த லேப் பிழைத்துக்கொள்ளும். பதில் வராவிட்டால், நம்மில் கணினி தெரிந்தவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே போய் உட்காரலாமே :-)