புதிய வேலையில் சேர்ந்த கர்ப்பிணியின் மகப்பேற்று ஊதிய உரிமை (இந்தியா)

கர்ப்பமாக இருக்கும்போதே புதிய வேலையில் சேரும் பெண்ணுக்குச் சம்பளத்துடன் பேறுகால விடுப்பு கிடைக்குமா என்பது, இந்தியச் சட்டப்படி, பெரும்பாலும் ஒரு நாள் கணக்கு. சேர்ந்த அன்று அவர் எத்தனையாவது மாதம் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. பிரசவம் எதிர்பார்க்கப்படும் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில், யாரிடம் சம்பளம் கோருகிறாரோ அந்த முதலாளியிடம் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருக்கிறாரா என்பதே கேள்வி. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பலன் சட்டம் முதலில் 160 நாள் கேட்டது. 1988இல் வந்த திருத்தம் அதைப் பாதியாக்கியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு (2020) பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்த பிறகும் 80 நாள் நிபந்தனை அப்படியே தொடர்கிறது.

80 நாள் கணக்கு

சட்டப்படி சம்பளத்துடன் விடப்படும் விடுமுறைகளும், வேலை இல்லையென்று நிறுவனமே தொழிலாளரை நிறுத்தி வைத்த நாட்களும் இந்த 80க்குள் அடங்கும். முந்தைய நிறுவனத்தில் பார்த்த வேலை அடங்காது. பத்து ஆண்டு ஓரிடத்தில் உழைத்துவிட்டு, நாலாவது மாதத்தில் வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்துதான் தொடங்கும். இந்த ஏற்பாட்டின் பெரிய குறை இதுவே.

பிரசவ தேதி அக்டோபர் 1 என்று மருத்துவர் குறித்திருக்க, ஒருவர் ஜூன் 1 அன்று வேலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் செப்டம்பர் தொடக்கத்தில் 80 நாள் நிறைந்துவிடும். வாரத்துக்கு ஐந்து நாள் மட்டும் இயங்கும் அலுவலகத்தில் 16 வாரம் ஆகும். செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை போக வேண்டியிருக்கும். மொத்த விடுப்பு 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன்பு அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே விடுப்பில் போனால் இவருக்கு நாள் போதாது. எனவே தாமதமாகச் சேர்ந்தவர்கள் முன்விடுப்பைச் சுருக்கிக்கொண்டு, நிறைமாதத்திலும் வேலைக்குப் போக நேர்கிறது. முன்பு எடுக்காத வாரங்கள் பிரசவத்துக்குப் பிறகு சேர்ந்துகொள்ளும் என்பதால் விடுப்பின் நீளம் குறையாது. ஏழாம் மாதம் தாண்டிச் சேர்பவருக்கு 80 நாள் எட்டுவது அரிது.

பழைய சட்டத்தில் இந்த நிபந்தனைக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது: கர்ப்பிணியாக அசாமுக்குக் குடிபெயர்ந்து வந்த பெண்ணுக்கு நாள் கணக்கே இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு வெளிமாநிலங்களிலிருந்து ஆள் திரட்டிய காலத்தை நினைத்தால் காரணம் விளங்கும். புதிய இடத்தில் கர்ப்பிணியாக வந்திறங்கும் பெண்ணின் நிலையைச் சட்டம் இயற்றியவர்கள் அறியாமல் இல்லை. ஒரு மாநிலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

26 வாரம் என்பது 2017 ஏப்ரல் 1 முதல் வந்தது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ளவருக்கு 12 வாரம்தான். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை பார்த்த நாட்களின் சராசரி நாள் சம்பளம் கணக்கிடப்படும். கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி தொடங்கிய வழக்கில், விடுப்புக் காலத்தின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் இந்தச் சம்பளம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1977இல் முடிவு சொன்னது.

ஈ.எஸ்.ஐ. வழி

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் செய்யப்படுபவருக்குப் பணம் தருவது முதலாளி அல்ல, ஈ.எஸ்.ஐ. கழகம். இங்கே நிபந்தனை, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாட்களுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும் என்பது. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஆகஸ்டில் பிரசவம் என்றால், போன ஆண்டு ஏப்ரல் தொடங்கி இந்த ஆண்டு மார்ச் வரை பார்ப்பார்கள்.

நாட்கள் நிறுவனத்தின் பெயரில் சேராமல் அந்தப் பெண்ணின் காப்பீட்டு எண்ணில் சேர்கின்றன. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை விட்டு மே மாதம் இன்னொன்றில் சேர்ந்த தையல் தொழிலாளிக்குப் பழைய கம்பெனியில் கட்டிய பங்களிப்பும் உதவும். வேலை மாறும்போது புதிய எண் வாங்காமல் பழைய எண்ணையே கொடுக்க வேண்டும் என்று தொழிற்சங்கத்தார் வற்புறுத்துவது இதனால்தான். ஆனால் வாழ்க்கையில் முதன்முறையாக ஈ.எஸ்.ஐ.க்குள் வருபவருக்குப் பலன் பெறும் காலம் சேர்ந்து ஒன்பது மாதம் கழிந்த பிறகே தொடங்குகிறது. கர்ப்பிணியாக முதல் வேலைக்கு வருபவருக்கு இது கிட்டத்தட்ட மூடிய கதவு.

இரண்டு வழிகளில் ஈ.எஸ்.ஐ. வழியே நியாயமானது. செலவு முழுவதும் ஒரே முதலாளியின் தலையில் விழுந்தால், கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கவே சிலர் தயங்குவார்கள். 1928இல் பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேற்று மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், இந்தச் சுமையைப் பெருமளவு அரசே ஏற்க வேண்டும் என்று அப்போதே சொன்னார். அடுத்த ஆண்டு பம்பாய் மாகாணச் சட்டம் வந்தது. ஆனால் பணம் தரும் பொறுப்பு முதலாளியிடமே நின்றது.

சொல்ல வேண்டுமா, நிறுத்தலாமா

நேர்முகத் தேர்வில் கர்ப்பத்தைச் சொல்லியாக வேண்டும் என்று மகப்பேற்றுச் சட்டம் எங்கும் விதிக்கவில்லை. 1989இல் எல்.ஐ.சி.யில் தகுதிகாண் பருவத்தில் சேர்ந்த ஒரு பெண், அடுத்த ஜனவரியில் பேறுகால விடுப்பில் போனார். விடுப்பு முடியுமுன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சேரும்போது நிரப்பிய படிவத்தில் மாதவிலக்குத் தேதி பற்றித் தவறான தகவல் தந்தார் என்பது காரணம். உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. பெண்களைக் கூச வைக்கும் அத்தகைய கேள்விகளைப் படிவத்திலிருந்தே எடுக்கவும் சொன்னது. அதற்குப் பிறகும் பாடம் முழுதாகப் படியவில்லை: மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்’ என்ற விதியைப் பாரத ஸ்டேட் வங்கி வெளியிட்டு, கடும் எதிர்ப்பு கிளம்பியதும் 2022 ஜனவரியில் நிறுத்தி வைத்தது.

வேலையில் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மகப்பேற்றுப் பலன்கள் என்னென்ன என்று எழுத்திலும் மின்னணு முறையிலும் தெரிவிப்பது 2017இல் முதலாளியின் கடமையானது. நியமனக் கடிதத்தோடு அப்படி ஒன்று வரவில்லையென்றால் கேட்டு வாங்கலாம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி இடையில் நீக்கினாலும், நீக்காதிருந்தால் கிடைத்திருக்கும் பலனை மறுக்க முடியாது. ஒப்பந்தப் பணியாளருக்கும் இது பொருந்தும். ஒப்பந்தம் 11 நாளில் முடிகிறது என்று 11 நாளுக்கு மட்டும் பலன் தந்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் 26 வாரத்துக்கு உரிமை உண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தினக்கூலிப் பெண்களுக்கும் உரிமை உண்டென்று 2000த்திலேயே அது சொல்லியிருந்தது.

80 நாளும் 70 நாளும் எட்டாத ஏழைப் பெண்களுக்குத் தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இருக்கிறது. மொத்தம் 18,000 ரூபாய். வேலையோடு சம்பந்தப்படாதது, ஆனால் ஆறு மாதச் சம்பளத்துக்கு ஈடாகாது. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் விதிகள் தனி. 2021 ஜூலை முதல் அவர்களுக்குப் பேறுகால விடுப்பு 12 மாதம். அந்த விடுப்பைத் தகுதிகாண் பருவத்தோடு சேர்த்துக் கணக்கிடலாம் என்று 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அதுவரை, புதிதாகச் சேர்ந்து பிள்ளை பெற்றவரின் பணி வரன்முறை, உடன் சேர்ந்தவர்களுக்குப் பின்னால் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.