ஏரியும் வயலும் நகரமும்

தொண்டை மண்டலம் வற்றாத ஆறுகள் பாயாத நாடு. பாலாறும் செய்யாறும் மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மணலாய்க் கிடப்பவை. ஆதலின் இந்நாட்டு முன்னோர் மழைநீரை ஏரிகளில் தேக்கி உழவை நடத்தினர். உத்தரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊராட்சிக் குழுக்களுள் ஒன்றாக ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரிப் பராமரிப்பிற்கென விடப்பட்ட நிலம் 'ஏரிப்பட்டி' எனப்பட்டது. வரத்துக்கால், கரை, மதகு, கலங்கல், ஆயக்கட்டு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஏரி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

சென்னையும் இத்தகைய ஏரிகளின் நடுவே வளர்ந்த நகரமே. நுங்கம்பாக்கம் முதல் மாம்பலம் வரை நீண்டு கிடந்த ஏரியை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்றழைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நகரின் மேற்கெல்லை போல் அது விளங்கியது. மக்கள் தொகை பெருகியது. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அப்பத்தாண்டிலேயே மாம்பலம் பகுதியில் ஏரி வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. எஞ்சிய பகுதியும் பின்னர்ப் படிப்படியாகத் தூர்ந்தது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அவ்வேரி நிலத்திலேயே. நுங்கம்பாக்கத்து 'லேக் ஏரியா', மேற்கு மாம்பலத்து 'லேக் வியூ ரோடு' என்னும் பெயர்களில் மட்டுமே இன்று ஏரி வாழ்கிறது.

குடியிருக்க வீடு வேண்டியது உண்மையே. ஆயினும் வயல் மனையானதும் ஏரிக்கு இனிப் பயனில்லை என்று எண்ணியது பிழை. பாசனம் நின்றாலும் வெள்ளத்தைத் தாங்கவும் நிலத்தடி நீரை ஊட்டவும் ஏரி வேண்டும். 2015-இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019 கோடையில் குடிநீர் லாரிகளுக்குக் காத்து நின்றது.

ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழகத்தில் 2007-இல் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் கரையைக் காக்கலாம். வரத்துக்காலைக் கண்காணிக்க ஊரார் வேண்டும். காஞ்சி, செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக உழுதுண்ட தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல. பிள்ளைகள் நகரங்களில் குடியேறிய பின் நிலத்தை விற்க நேரிடலாம். அஃது அவரவர் உரிமை. ஆனால் வயல் ஒருவருடையது, வாய்க்கால் ஊருடையது. விற்கும் நாளிலும் அவ்வாய்க்கால் அடைபடாமல் காப்பது, அவ்வூர் நீரை உண்டு வளர்ந்தோரின் கடன்.