அம்மா எண்ணெய், மகன் தேயிலை

தேயிலைச் சாறு சேர்ந்த, பால்போல வெளுத்த கொரிய டோனர் ஒன்றைப் பேத்தி எனக்குக் கொடுத்திருக்கிறாள். வயதானால் தோலில் எண்ணெய்ப் பசை குறைகிறதே, அதற்காக. முகம் கழுவி, ஈரம் முழுதும் காயுமுன் உள்ளங்கையில் விட்டு ஒற்றிக்கொள்ள வேண்டும். மேலே கொஞ்சம் கிரீம் பூசினால் ஈரம் நிற்கும். நீரில் எண்ணெய் நுண்துளிகளாகக் கலந்து நிற்பதால் வந்த வெண்மை அது.

இந்தத் தேயிலைப் பூச்சுகளுக்கு ஒரு பழங்கதை உண்டு. 1930-களில் கொரியாவின் கேசாங் நகரில் யுன் டோக்-ஜோங் என்ற பெண்மணி, காமெலியா விதையிலிருந்து எண்ணெய் எடுத்துக் கூந்தலுக்கு விற்றார். நமக்குத் தேங்காய் எண்ணெய் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. கூடவே நின்று தொழில் கற்ற மகன் சோ சுங்-ஹ்வான், ஜப்பானிய ஆட்சி முடிந்த 1945-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். இன்றைய அமோர்பசிபிக் அதுதான்.

1953-ல் போர் ஓய்ந்தபோது கேசாங் வடகொரியாவின் பக்கம் போய்விட்டது. அம்மா எண்ணெய் விற்ற ஊர் எல்லைக்கு அப்பால்!

1979-ல் மகன் தெற்கே ஜேஜு தீவில், கல் மண்டிய எரிமலை நிலத்தைத் திருத்தித் தேயிலை பயிரிடத் தொடங்கினார். குடிக்கவென்று வளர்த்த இலை பிறகு முகப்பூச்சுக்கும் வந்தது.

தாவரவியலில் தேயிலையும் காமெலியா இனம்தான். அம்மாவின் செடிக்கு மகனின் செடி பங்காளி. ஊர் கைவிட்டுப் போனது. தொழிலின் வேர் மட்டும் போகவில்லை.