துணைக்கு வந்த கும்பினி

ஒரு நாடு தன் அண்டை நாட்டின் மீது படையெடுக்கிறது. எல்லை கலங்குகிறது, வயல் எரிகிறது, ஊர் பெயர்கிறது. தொலைவில் நிற்கும் வல்லரசுகள் அப்போது என்ன செய்ய வேண்டும்? கை கட்டி நிற்பதா? படை கொண்டு பாய்வதா? 2022 பிப்ரவரி 24 அன்று உருசியப் படை உக்ரைனுக்குள் புகுந்த நாள் முதல் படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் நம் தோழர்கள் இந்தக் கேள்வியை விடாமல் எழுப்பி வருகிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இதற்கு விடை தேடக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. பெரம்பலூரிலிருந்து சென்னைச் சாலையில் வடக்கே சிறிது தொலைவு போனால் போதும். அங்கே நிற்கிறது இரஞ்சன்குடிக் கோட்டை. அதன் அருகில் கிடக்கிறது வாலிகொண்டாபுரம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்க்காட்டு முற்றுகை தெரியும். கிளைவின் வீரம் தெரியும். அதே 1751ஆம் ஆண்டில், ஆர்க்காட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்னர், வாலிகொண்டாபுரத்தில் ஆங்கிலப் படை அச்சம் மிகுந்து ஓடியதும், ஓடிய அந்தப் படையில் கிளைவும் இருந்ததும் எத்தனை பேருக்குத் தெரியும்? வென்றவன் எழுதிய வரலாற்றில் தோற்ற பக்கம் மெலிந்துதானே இருக்கும்!

நடந்ததைச் சொல்லுவோம். 1749இல் ஆம்பூர்ப் போரில் கருநாடக நவாபு அன்வாருதீன் மடிந்தார். அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். நவாபு பட்டம் எனக்கே என்றார் சந்தாசாகிபு. அவருக்குப் பின்னால் புதுச்சேரியின் டூப்ளே. முகமது அலிக்குப் பின்னால் சென்னைப் பட்டினத்துக் கும்பினி. இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தும் பிரான்சும் 1748இலேயே ஐரோப்பாவில் உடன்படிக்கை செய்து கொண்டு அமைதியாக இருந்தன. இலண்டனில் சண்டையில்லை, பாரிசில் சண்டையில்லை, பெரம்பலூரில் சண்டை! நாங்கள் போரிடவில்லை, எங்கள் நண்பருக்குத் துணை நிற்கிறோம், அவ்வளவே என்று இரு சாராரும் சொன்னார்கள்.

சந்தாசாகிபின் படை திருச்சியை நோக்கி வந்தது. அதை மறிக்கக் கேப்டன் ஜிஞ்சென்சு தலைமையில் ஆங்கிலப் படை வந்து நின்றது. இடையில் அகப்பட்டார் கோட்டைத் தலைவர். யாரோடு சேருவது? சந்தாசாகிபை ஏற்றால் முகமது அலிக்குப் பகை. முகமது அலியை ஏற்றால் சந்தாசாகிபுக்குப் பகை. இருவருக்கும் இன்சொல் சொல்லி ஏறத்தாழ இரண்டு வாரம் கடத்தினார் அந்த மனிதர். ஜிஞ்சென்சுக்குப் பொறுமை போயிற்று. நடுநிலையாளன் பகைவனே என்று முடிவு கட்டிக் கோட்டையை ஒட்டிய பேட்டைக்குள் படையை ஏவினார். பேட்டைக்குத் தீ வைத்தார்கள். கற்கோட்டையோ விழவில்லை. தாக்குண்ட கோட்டைத் தலைவர் வேறு வழியின்றிச் சந்தாசாகிபுக்கு ஆள் அனுப்பினார். பிரெஞ்சுக்காரர் கோட்டைக்குள் வந்தனர். மறுநாள் போரில் ஆங்கிலப் படை சிதறி, ஊற்றத்தூர் வழியாகப் பின்வாங்கிக் கொள்ளிடம் கடந்தது.

கணக்குப் பார்ப்போம். முகமது அலிக்குத் துணையென்று வந்தவர்கள், யாருக்கும் தீங்கு எண்ணாத ஒருவனை எதிரியின் மடியில் தள்ளினார்கள். எரிந்த பேட்டை முகமது அலியுடையதுமன்று, சந்தாசாகிபுடையதுமன்று. அங்கே கூரை வேய்ந்து வாழ்ந்த மக்கள் இந்த இருவரில் எவருக்கும் பட்டம் கட்டியவர்களல்லர். எந்த உடன்படிக்கையிலும் அவர்கள் பெயர் கிடையாது.

துணைக்கு வருகிறவன் கூலி கேட்பான் என்பதற்கு இதற்கும் முந்திய சான்று ஒன்று உண்டு. தஞ்சையில் அரியணை இழந்த சாகுஜி கும்பினியாரை அணுகி, என் நாட்டை மீட்டுத் தாருங்கள், தேவிகோட்டையைத் தருகிறேன் என்றார். 1749இல் இருமுறை படை போயிற்று. கொள்ளிடத்தின் கழிமுகத்துத் தேவிகோட்டை விழுந்தது. பிறகு? எந்த மன்னனை வீழ்த்தப் புறப்பட்டார்களோ அந்தப் பிரதாப சிங்கோடே கும்பினியார் சமாதானம் பேசினார்கள். தேவிகோட்டை எங்களுக்கு, அரியணை உங்களுக்கு, சாகுஜிக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகை உதவிப் பணம் என்று முடிந்தது பேரம். நீதிக்காகத் தொடங்கிய பயணம் ஒரு கோட்டைக்காக முடிந்தது.

இப்படிச் சொல்லும்போது நண்பர் சிலர், அப்படியானால் வெளியார் தலையிடவே கூடாது என்கிறீர்களா என்று கேட்கக்கூடும். அப்படி நாம் சொல்லவில்லை. வெளியார் எவரும் தடுக்க வராதபோது என்ன நடக்கும் என்பதை அரியலூர் சொல்லும்.

1763இல் பாரிசு உடன்படிக்கை முகமது அலியைக் கருநாடக நவாபாக ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சுக்காரரின் கை ஒடுங்கிற்று. கும்பினிக்கு எதிர்நிற்க ஆளில்லை. 1765இல் நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா படையோடு புறப்பட்டார். கும்பினிப் படையும் உடன் சென்றது. கப்பப் பாக்கி என்று காரணம் சொன்னார்கள். அரியலூர்ப் பாளையமும் உடையார்பாளையமும் வீழ்ந்தன. பாளையக்காரர்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். ஏன் என்று கேட்க ஒரு குரல் எழவில்லை. கேட்கக்கூடிய வலிமை இருந்த ஒரே ஆள், படையெடுத்தவனுக்குத் துப்பாக்கி தூக்கிக் கொண்டிருந்தான்! பாளையக்காரர் ஆட்சி பொற்கால ஆட்சி என்று நாம் பாடப் போவதில்லை. குடிகளைப் பிழிவதில் அவர்களும் சளைத்தவரல்லர். ஆனால் அவர்களை நீக்கும் உரிமை அந்தக் குடிகளுக்கு இருந்ததேயன்றி, ஆர்க்காட்டு நவாபுக்கும் அவருடைய கூலிப் படைக்கும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் அபிசீனியாவுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. 1935 அக்டோபரில் முசோலினியின் படை அந்நாட்டுக்குள் புகுந்தது. அபிசீனியா சர்வதேச சங்கத்தின் உறுப்பு நாடு. சங்கம் கூடிற்று, கண்டித்தது, இத்தாலியோடு வாணிகத்தைக் கட்டுப்படுத்திற்று. ஆனால் தடை செய்த பொருள்களின் பட்டியலில் எண்ணெய் இல்லை! சூயசுக் கால்வாயும் இத்தாலியக் கப்பல்களுக்குத் திறந்தே கிடந்தது. டாங்கியும் விமானமும் எண்ணெயில் ஓடுகின்றன என்பது ஜெனிவாவில் கூடியிருந்த அறிஞர்களுக்குத் தெரியாதா? தெரியும். இத்தாலியைப் பகைக்க விருப்பமில்லை, அவ்வளவுதான். 1936 சூலையில் அந்த அரைகுறைத் தடையையும் நீக்கிவிட்டார்கள்.

ஆகவே தலையிடாமையும் தீங்கு, கூலிக்குத் தலையிடுவதும் தீங்கு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா? படையெடுத்தவனை வெளியேற்றி, நிலத்தை உரியவனிடம் ஒப்படைத்து, கூலி கேளாமல் திரும்பிய கதை எங்காவது உண்டா? பாதி உண்டு. அந்தப் பாதிக் கதை தஞ்சையில் நடந்தது. நம் எண்ணத்தில், இந்தப் பொருள் பற்றித் தமிழ்நாட்டு வரலாறு தரும் பெரிய பாடம் அதுதான்.

1762இல் நவாபுக்கும் தஞ்சை மன்னருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பழைய பாக்கிக்கு 22 இலட்சம் ரூபாய், ஆண்டுதோறும் கப்பம் 4 இலட்சம் ரூபாய். இதற்குப் பிணை நின்றது யார்? கும்பினி! பின்னர் மன்னரான துளஜா 1771இல் இராமநாதபுரத்தின் மீது படை கொண்டு சென்றார். அது தவறு, மறவர் நாடு தஞ்சைக்குச் சொந்தமன்று. பிணை நின்றவன் நேர்மையாளனாக இருந்திருந்தால், திரும்பிப் போ என்று துளஜாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும்; அவர் திரும்பினாரா என்று பார்த்திருக்க வேண்டும். நடந்தது வேறு. இராமநாதபுரத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் நவாபும் கும்பினியும் தஞ்சையை முற்றுகையிட்டுப் பெரும்பணம் கறந்தார்கள். காக்கப்பட்ட இராமநாதபுரத்தின் கதியோ? மறு ஆண்டே, 1772இல், அதே நவாபும் அதே கும்பினியும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்துச் சிவகங்கை, காளையார்கோயிலில் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். துணை கிடைத்தவனின் கதி இது!

1773இல் மீண்டும் தஞ்சைக்கு வந்தார்கள். பணம் பாக்கி என்பது ஒரு குற்றச்சாட்டு. மராட்டியரிடமும் ஐதர் அலியிடமும் துளஜா உதவி தேடினார் என்பது மற்றொன்று. அடிபட்டவன் துணை தேடுவதே குற்றம் என்ற இந்த வாதத்தைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றும் வேறு வேறு மொழிகளில் இதைக் கேட்கிறோம். செப்டம்பரில் கோட்டை விழுந்தது. துளஜா சிறைப்பட்டார். காவிரி பாயும் அந்த வளநாடு நவாபின் கைக்குப் போயிற்று. நவாபின் கையிலிருந்து அவருக்குக் கடன் கொடுத்திருந்த வெள்ளையர் கைக்கு அடகாகப் போயிற்று.

இலண்டனில் இருந்த கும்பினி இயக்குநர்களுக்கே இது பொறுக்கவில்லை. நாட்டைத் துளஜாவிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்று 1775இல் ஆணை பிறந்தது. அதை நிறைவேற்ற பிகட்டு பிரபு சென்னைக்கு ஆளுநராக வந்தார். 1776 ஏப்ரலில் தாமே தஞ்சைக்குச் சென்று துளஜாவை அரியணையில் அமர்த்தினார். பறித்த நாட்டைப் பறித்தவனே திருப்பிக் கொடுத்த காட்சி உலக வரலாற்றில் அரிது.

உடனே கிளம்பிற்று எதிர்ப்பு. பால் பென்பீல்டு என்றொரு கும்பினி ஊழியர். நவாபு எனக்கு 1,62,000 பவுன் தர வேண்டும், அதற்குத் தஞ்சையின் வருவாய் ஈடு; தஞ்சைக் குடிகள் 72,000 பவுன் தர வேண்டும், அதற்கு விளைந்த பயிர் ஈடு என்று அவர் ஆளுநர் மன்றத்தில் கணக்கு நீட்டினார். ஒரு ஊழியருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று பிகட்டு கேட்டார், நாமும் கேட்கிறோம். மன்றத்தின் பெரும்பான்மையோர் பென்பீல்டின் பக்கம் சாய்ந்தனர். பூசல் முற்றிற்று. 1776 ஆகஸ்டு 24 அன்று ஆளுநரையே கைது செய்து பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள்! 1777 மே மாதத்தில், விடுதலை பெறாமலே பிகட்டு இறந்தார். அவரைச் சிறை பிடித்தவர்களில் நால்வருக்கு 1780இல் இலண்டன் நீதிமன்றம் தண்டனை விதித்தது: ஆளுக்கு 1,000 பவுன் அபராதம். அதே 1780இல் பென்பீல்டு இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் உறுப்பினரானார்.

இதனால்தான் பாதிக் கதை என்றோம். துளஜாவுக்கு நாடு திரும்பியது. ஆனால் கோட்டையில் கும்பினிப் படை தங்கிற்று. அந்தப் படைக்கு ஆண்டுதோறும் 4 இலட்சம் வராகன் கொடுக்க வேண்டும். பாதுகாப்புக்கு விலை! அந்த விலையைக் கொடுத்துக் கொடுத்துத் தேய்ந்த தஞ்சை, 1799இல் ஆட்சி முழுவதையும் கும்பினியிடம் ஒப்படைத்தது. சரபோசிக்குப் பட்டம் மட்டும் மிஞ்சியது.

இதிலிருந்து நாம் காண்பது இதுதான். படையெடுப்பைத் தடுப்பது உலகின் கடமை. ஆனால் படையெடுத்தவனுக்குக் கடன் கொடுத்தவனும், படையெடுக்கப்பட்டவனின் நிலத்தில் கண் வைத்தவனும் நடுவராக அமரக் கூடாது. எதற்கு வருகிறோம், எப்போது திரும்புகிறோம், என்ன பெறமாட்டோம் என்பதை உதவிக்கு வருகிறவன் முன்கூட்டியே ஊரறியச் சொல்ல வேண்டும். 1990 ஆகஸ்டு 2 அன்று ஈராக்கு குவைத்தைப் பிடித்தபோது, வெளியேறு என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அன்றே தீர்மானம் செய்தது. 1991 பிப்ரவரி இறுதியில் குவைத்து மீண்டது. எண்ணெய் வயல் இல்லாத நாடாக இருந்திருந்தால் இவ்வளவு விரைவு இருந்திருக்குமா என்ற ஐயம் நமக்கு உண்டு. ஆயினும் நோக்கம் எழுத்தில் இருந்தது, அதன்படி நிலம் திரும்பியது.

உக்ரைனின் செய்தியில் பாதுகாப்பு மன்றத்தின் வாயை உருசியாவின் தடுப்பு வாக்கு அடைத்தது. 2022 மார்ச் 2 அன்று பொதுப்பேரவையில் 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன. 5 நாடுகள் எதிர்த்தன. இந்தியா உள்ளிட்ட 35 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஆயுதமும் பணமும் கொடுத்து உதவிய அமெரிக்கா, 2025 ஏப்ரல் 30 அன்று உக்ரைனின் கனிம வளம் பற்றி அந்நாட்டோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது நமக்குத் தேவிகோட்டை நினைவுக்கு வந்தது.

அரியலூருக்குள் படை நடத்திய உம்தத்-உல்-உம்ராவின் முடிவையும் சொல்லிவிடுவோம். தந்தைக்குப் பின் அவர் நவாபானார். கும்பினிக்குக் கட்ட வேண்டிய கடன் கழுத்தை நெரித்தது. 1801 சூலையில் அவர் இறந்தார். அவருடைய மகனை ஒதுக்கிவிட்டு, வேறொருவரை நவாபாக்கி, அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு, அந்த மாதம் முடிவதற்குள் கருநாடகம் முழுவதையும் கும்பினி எடுத்துக்கொண்டது. அரியலூரும் உடையார்பாளையமும் இரஞ்சன்குடியும் அதோடு சேர்ந்து போயின.