ரால் பிளக்கும் ஒரு நடு ராத்திரிச் சத்தமும்

போன வருஷம் ஒரு நாள், ராத்திரி ரெண்டு மணி இருக்கும். வீடே அதிர்ற மாதிரி ஒரு சத்தம். கேஸ் சிலிண்டர்தான் வெடிச்சிருச்சுன்னு நினைச்சு ஓடினேன். லைட்டைப் போட்டுப் பார்த்தால், சமையல் மேடைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த அலமாரி குப்புறக் கிடக்கு. எவர்சில்வர் தட்டுகள், ரெண்டு குக்கர், உளுந்து டப்பா, அம்மா பொத்திப் பொத்தி வச்சிருந்த பீங்கான் கிண்ணங்கள், எல்லாம் தரையில். கிரானைட் மேடையில் ஒரு ஓரம் பேர்ந்து போயிருந்தது.

அம்மா தினமும் நாலரைக்கு எழுந்து டிகாஷன் போடுறது அதே இடத்தில் நின்னுதான். ரெண்டரை மணி நேரம் தள்ளி அது விழுந்திருந்தால்... அதுக்கு மேல நான் யோசிக்கலை. தங்கமணி யோசிச்சாங்க, அழுதாங்க.

விடிஞ்சதும் முதல் வேலையா சுவரைப் பார்த்தேன். மேலே ரெண்டு இடத்தில் டைல்ஸோடு சேர்ந்து பூச்சும் பெயர்ந்து, உள்ளே செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. கீழே கிடந்த ஸ்க்ரூவில் சாம்பல் நிற பிளாஸ்டிக் பிளக் கழலாமல் அப்படியே மாட்டியிருந்தது. அதாவது ஸ்க்ரூ பிளக்கை விடவில்லை. பிளக் பூச்சை விடவில்லை. பூச்சுதான் செங்கலை விட்டுவிட்டது.

மாட்டிவிட்டுப் போனவர்களைத் திட்டுறதுக்காக இந்தப் பதிவு இல்லை. அந்தப் பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு ரெண்டு நாள் திரிஞ்சேன். ஆபீஸில் பொழுதன்னிக்கும் ஆணி புடுங்குறதுதான் நம்ம பொழைப்பு, ஆணி எப்படி நிக்குதுன்னும் கொஞ்சம் படிப்போமேன்னு உட்கார்ந்தால், அது எங்கெங்கேயோ கூட்டிக்கொண்டு போனது.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் எங்க ஆச்சி வீட்டு அடுக்களையில் இதைவிட மூணு மடங்கு கனம் இருந்தது. ஆனால் சுவரில் 'மாட்டிய' பொருள் ஒன்றுகூடக் கிடையாது. விளக்கு மாடாக்குழியில் இருக்கும். ஊறுகாய்ப் பரணிகள் சுவருக்குள்ளேயே பள்ளம் விட்டுக் கட்டிய அலமாரியில். அதில் தட்டு என்பது சுவர் எழுப்பும்போதே உள்ளே சொருகிய கடப்பாக் கல். வெண்கலப் பானையும் உருளியும் பரணில். பரணுக்குக் குறுக்கே போன கட்டைகளின் ரெண்டு முனையும் சுவருக்குள். தயிர்ச்சட்டி உறியில், அது விட்டத்திலிருந்து தொங்கும். மொத்தத்தில் பாரம் எல்லாம் சுவருக்கு மேலேயே நேராக உட்கார்ந்தது. சுவருக்கு அது ரொம்பச் சுலபம். எத்தனை பாரம் வச்சாலும் தாங்கும். ஆனால் சுவரைப் பிடித்து வெளியே இழுத்தால் அதுக்குத் தாங்கத் தெரியாது. கட்டி முடித்த சுவரில் பிற்பாடு ஒன்றை மாட்டுவதில்தான் மொத்தத் தகராறும்.

அப்படி மாட்டியே ஆகணும் என்றால் அந்தக் காலத்தில் ஒரே வழிதான். உளியால் சுவரில் பெரிய ஓட்டையாகக் கொத்தி, மரக்கட்டையைச் செதுக்கி அதில் அடித்து இறுக்கி, அந்தக் கட்டையில் ஸ்க்ரூ போடுவது. இங்கேயும் அதுதான், இங்கிலாந்திலும் அதுதான். வீட்டில் பழைய எலெக்ட்ரிக் சுவிட்ச் பெட்டியைக் கழற்றியவர்களுக்கு அந்தக் கட்டையைத் தெரிந்திருக்கும். ஓட்டை ஆணி அளவுக்கு இருக்காது, முட்டை அளவுக்கு இருக்கும். மரம் காய்ந்து சுருங்கினால் கட்டையே ஆடும்.

1911-க்கு வருவோம். லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்று ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாரச் சாமான்களைச் சுவரில் பொருத்தும் வேலை அவருக்கு வந்தது. நிபந்தனை என்னவென்றால், சுவரைச் சேதப்படுத்தக் கூடாது, பொருத்தியது கண்ணை உறுத்தவும் கூடாது. முட்டை அளவு ஓட்டைக்கு அங்கே வழியே இல்லை. அவர் சணல் நாரை மிருக ரத்தம் கலந்த பசையால் ஒட்டி, விறைப்பான ஒரு சின்னக் குழாயாகச் செய்தார். சிறிய ஓட்டை போட்டு அந்தக் குழாயைச் சொருகி, அதற்குள் ஸ்க்ரூவைத் திருகினால், நார் நாலாபுறமும் பிதுங்கிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்த வருஷமே பேடன்ட்டுக்குப் போட்டார். வச்ச பேர் ராலிங்ஸ் பெயரின் பாதியையும் பிளக்கையும் சேர்த்து 'ரால்பிளக்'.

ஆமாங்க, நம்ம ஹார்டுவேர் கடையில் "அண்ணே, ஒரு பாக்கெட் ரால் பிளக்" என்று கேட்கிறோமே, அந்த 'ரால்' ஒரு மனுஷன் பேர்! இத்தனை வருஷம் அது ஏதோ 'ரோல்' என்பதன் மரூஉ என்று நினைத்திருந்தேன் :) இன்னொன்று, அன்றைக்கு உலகச் சணலில் பெரும்பங்கு விளைந்தது வங்காளத்தில். லண்டன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதில் நம்ம பக்கத்து நாருக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

பிளக் வந்தாச்சு. அதில் மாட்டுவதற்குச் சமையலறைச் சாமான் வேணுமே? அது 1926-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் வந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம். நகராட்சி ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன வீடுகள் கட்டியது. அதற்கு மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறை வரைந்தார். அகலம் ரெண்டு மீட்டருக்கும் கம்மி, நீளம் மூணரை மீட்டருக்கும் கம்மி. ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியின் குட்டி அடுக்களைதான் முன்மாதிரி. தரையில் இடம் இல்லாததால் சுவரில் மேலே கண்ணாடி போட்ட அலமாரி. சுமார் 10,000 வீடுகளில் இதைப் பொருத்தினார்கள். இன்றைக்கு நாம் மாடுலர் கிச்சன் என்று லட்சக்கணக்கில் கொட்டிச் செய்வதற்கெல்லாம் பாட்டி இதுதான். அதை வரைவதற்கு முன்னால் தனக்குச் சமைத்தே பழக்கமில்லை என்று அந்த அம்மையாரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எங்க அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதான் தெரியுதே" என்றாள்.

அடுத்தது நம்ம கதாநாயகன். ஆர்ட்டூர் ஃபிஷர், 1919-ல் ஜெர்மனியில் டும்லிங்கன் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா தையல்காரர். இவர் படித்தது பூட்டு, இரும்பு வேலை. குழந்தையைப் படமெடுக்க ஆசைப்பட்டு, அந்தக் காலத்து ஃப்ளாஷ் வெளிச்சம் ஆபத்தாக இருக்கவே, கேமராவோடு சேர்ந்து தானே எரியும் ஃப்ளாஷைக் கண்டுபிடித்தவர் இவர்தான் (1949). 1958-ல் கை வைத்தது பிளக்கில். நைலானில் செய்தார். நைலான் மக்காது, துருப்பிடிக்காது, சுருங்காது. நடுவே பிளந்து, வெளியே பல் பல்லாக வைத்து, பக்கத்தில் மீன் செதிள் மாதிரி ரெண்டு நாக்கும் விட்டார். ஸ்க்ரூவைத் திருகும்போது பிளக்கும் சேர்ந்து சுத்தாமல் தடுக்கத்தான் அந்த நாக்கு. சாம்பல் நிறம். என் பையில் இருந்தது அதன் ஏதோ ஒரு மலிவான ஒன்றுவிட்ட பேரன். பிற்காலத்தில் உடைந்த எலும்பைப் பொருத்தவும் பிளக் செய்தார் மனுஷன். 2016-ல் 96 வயதில் காலமானபோது அவர் பேரில் 1,100-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன.

சணலோ நைலானோ, தத்துவம் ஒன்றுதான். உள்ளே விரிந்து பக்கவாட்டில் நெருக்குவது. நெருக்குவதற்கு எதிரே கெட்டியாக ஏதாவது இருக்க வேண்டும். எங்க வீட்டில் என்ன இருந்தது?

ஸ்கேலை எடுத்து அளந்தேன். டைல்ஸ் 8 மில்லிமீட்டர். அதுக்குப் பின்னால் சிமெண்டும் பூச்சுமாகச் சேர்ந்து 25. ஆக 33. பிளக்கின் நீளம் 35! மூணு அங்குல ஸ்க்ரூ போட்டிருந்தால்கூட பிரயோஜனமில்லை, விரிகிற பாகம் முழுக்கப் பூச்சுக்குள். செங்கலுக்குள் போனது வெறும் ரெண்டு மில்லிமீட்டர்.

சரி, இழுத்த பாரம் எவ்வளவு? அலமாரியும் சாமானும் சேர்ந்து 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆழம் 30 சென்டிமீட்டர், அதனால் பாரத்தின் மையம் சுவரிலிருந்து 15 தள்ளி. உயரம் 60. அலமாரி கீழ் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு மேல் பக்கத்தை வெளியே தள்ளப் பார்க்கும். 65-ஐ 15-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் சுமார் 16 கிலோ. மேலே ரெண்டு ஸ்க்ரூ, ஆளுக்கு எட்டு. செங்கலில் நின்றிருந்தால் சர்வ சாதாரணம். பூச்சில் அது ராத்திரி பகலா கொஞ்சம் கொஞ்சமா உரிச்சுக்கிட்டே இருந்திருக்கு. கனமான குக்கர்களைக் கதவோரமா வச்சது நான்தான். மையம் இன்னும் வெளியே போயிருக்கும். அவ்வ்வ்வ்.

மறுபடி மாட்டியது பக்கத்துத் தெருக் கார்பென்டர். முதலில் சுவரைத் தட்டிப் பார்த்தார். டைல்ஸ் தாண்டும்வரை ஹேமர் போடாமல் ட்ரில் பண்ணினார், செங்கல் வந்ததும் ஹேமர். வெளியே வந்த தூள் சிவப்பாக மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். "சாம்பலா வந்தா இன்னும் பூச்சுதான் சார், செவப்பா வரணும்." ஓட்டையில் இருந்த தூளை சைக்கிள் பம்பால் ஊதினார், தூள் இருந்தால் பிளக் சுவரைப் பிடிக்காமல் தூளைத்தான் பிடிக்குமாம். 10 எம்.எம். விட்டம், 80 எம்.எம். நீளத்தில் பிளக். அதை டைல்ஸைத் தாண்டி உள்ளே தள்ளிவிட்டார், இல்லாவிட்டால் விரியும்போது டைல்ஸ் வெடிக்கும். மேலே ஸ்க்ரூவை நேராக அலமாரியில் போடாமல் சுவர் நீளத்துக்கு ஒரு இரும்புப் பட்டை அடித்து, அதில் ஆறு இடத்தில் ஸ்க்ரூ, அந்தப் பட்டையில் அலமாரியைக் கொக்கி போட்டு மாட்டினார். கீழே தாங்குவதற்கு ஒரு ரீப்பர் கட்டை. கடைசியில் பட்டையைப் பிடித்துக்கொண்டு அவரே தொங்கிக் காட்டினார். நான் தடுத்தும் கேட்கவில்லை.

இப்போ அதில் பிளாஸ்டிக் டப்பாவும் டம்ளரும் மட்டும்தான் இருக்கு. குக்கர் ரெண்டையும் அம்மா மேடைக்குக் கீழே கடப்பாக் கல் தட்டில் கொண்டுபோய் வச்சுட்டாள். டிகாஷன் போடுற இடத்தையும் ரெண்டடி தள்ளி மாத்திட்டாள். "அவர் தொங்கிக் காட்டினாரேம்மா" என்றேன். "அவரு ஒரு நிமிஷம் தொங்கினாரு, நான் தினம் நிக்கணும்லா" என்கிறாள்.