ஜபல் தாரிக்

ஸ்பெயினின் தென்கரையை ஒட்டி, தாழ்ந்த மணல்நிலம் ஒன்றால் மட்டும் நிலத்தோடு இணைந்து, 426 மீட்டர் உயர்ந்து நிற்கிறது ஒரு சுண்ணாம்புப் பாறை. கிரேக்கரும் ரோமரும் அதனைக் கால்பே என்றழைத்தனர். ஹிஜ்ரி 92இல் (கி.பி. 711) தாரிக் இப்னு ஸியாத் படையுடன் வந்திறங்கியபின் அது 'ஜபல் தாரிக்', அதாவது தாரிக்கின் மலை, ஆயிற்று.

1160இல் அங்கு நகரமைத்த முவஹ்ஹிதீன் கலீஃபா அப்துல் முஃமின், அதற்கு 'மதீனத்துல் ஃபத்ஹ்', வெற்றி நகர், எனப் பெயர் சூட்டினார். அரசர் சூட்டிய அப்பெயர் நிலைக்கவில்லை.

1462இல் காஸ்டீலியரும், 1704இல் ஆங்கில, டச்சுப் படையினரும் மலையைக் கைப்பற்றினர். கொடிகள் மாறின; பெயரை எவரும் மாற்றினாரில்லை. வென்றோர் நாவிலும் 'ஜிப்ரால்டர்' எனத் திரிந்து தாரிக்கின் பெயரே இன்றும் வழங்குகிறது. ஊர்ப்பெயரைக் காப்பது அரசாணையன்று, மக்கள் நாவே.